ஏழேகால் வீசை

சென்றாயனைப் பற்றி எழுத நான் பொருத்தமான ஆள் இல்லை. அவரோடு நான் இருந்தது மொத்தம் பத்தொன்பது நாள். அந்த நாள் முழுக்க அவரை 'வா', 'போ' என்றுதான் பேசினேன். இத்தனைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது, முப்பத்தாறு. கோட்டு மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற கல்லூரி வாத்தியார் சுமை தூக்குகிறவரிடம் அப்படித்தான் பேச வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது. எழுத்திலாவது 'அவர்' என்று போட்டுக்கொள்கிறேன். படித்துக் காட்டியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

கொல்லிமலையில் வாழவந்தி நாடு அவருக்கு. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. உப்பு, மண்ணெண்ணெய், துணிமணி எல்லாம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மனிதர் தலையில்தான் ஏறும். மிளகும் பலாவும் மனிதர் தலையில்தான் இறங்கும். சாமையும் கேழ்வரகும் விதைத்து அறுத்த நாள் போக, மிச்ச நாளெல்லாம் சென்றாயன் சுமை தூக்கினார். பெரிய உடம்பு இல்லை. குள்ளம்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் கருங்காலிக் கட்டை மாதிரி இருக்கும்.

நான் மலைக்குப் போன காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் ஒன்பது வருஷமாகப் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, "சார் அதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று பட்டது. யாரோ எப்போதோ தானமாகக் கொடுத்த நாலு அங்குலத் தொலைநோக்கி ஒன்று பீரோவுக்கு மேல் புழுதி தின்றுகொண்டு கிடந்தது. அதை இறக்கித் துடைத்தேன். ஊர் வெளிச்சமும் புழுதியும் இல்லாத உயரமான இடம் வேண்டும் என்று யோசித்தபோது, வடமேற்கே நீலமாகத் தெரிந்த மலைதான் ஞாபகம் வந்தது. காய்ச்சல் மலை, போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அதனாலேயே போனேன். என் சுபாவம் அப்படி.

காரவள்ளியில் என் பெட்டிகளைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். ஆள் உயரத்துக்கு நீளமான பெட்டி ஒன்று. அதில் தொலைநோக்கிக் குழாய். முக்காலி ஒன்று. இன்னொன்று வெற்றிலைப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இரும்புப் பளுக்கட்டிகளும் மூட்டுகளும் அதற்குள் இருந்தன. செல்லமுத்து என்று ஒரு கெட்டிக்காரர், மற்றவர்கள் கையை நீட்டுவதற்குள் அந்தச் சின்னப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "இது எனக்குங்க" என்றார். சென்றாயன் நீளப் பெட்டியின் ஒரு முனையை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மணங்கும் ஒரு வீசையும். நானே எடுத்துக்கறேனுங்க" என்றார். செல்லமுத்து தன் பெட்டியைத் தூக்கப் போய், கனத்தை எதிர்பாராமல் தடுமாறி அதன் மேலேயே குப்புற விழுந்தார். அது இரண்டு மணங்கு. எட்டு வீசை ஒரு மணங்கு, இருபத்தைந்து பவுண்டு. மலை ஏறி முடிக்கும்வரை எல்லோரும் அவரைச் சீண்டிக்கொண்டே வந்தார்கள். உருவத்தைப் பார்த்துச் சுமை எடுக்கிறவன் சுமைக்காரனே இல்லை என்று சென்றாயன் ஒரு தடவைதான் சொன்னார். அதற்கு மேல் அவர் சீண்டவில்லை.

என் பையில் பவுண்டு கணக்குக் காட்டும் வில்தராசு ஒன்று இருந்தது. மேலே போய்ச் சென்றாயன் ஊரில் தங்கிய மறுநாளே அதை வைத்து அவரைச் சோதித்தேன். கல், மிளகு மூட்டை, என் ட்ரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கையில் ஏந்துவார், ஒரு மூச்சு விடுவார், சொல்லிவிடுவார். கால் வீசைகூடத் தப்பவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையைத் தூக்கி, "இவள் எவ்வளவு, சொல் பார்ப்போம்" என்று நீட்டினேன்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"புள்ளைங்கள மட்டும் கேக்காதீங்க சாமி" என்றார்.

அந்தக் குழந்தை ராமாயி. நாலு வயது. சென்றாயனின் பக்கத்து வீட்டுப் பொன்னாயியின் மகள். பொன்னாயிதான் எனக்குத் தினமும் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பவள். குழந்தை அவள் இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புசுபுசுவென்ற முகம், உருண்டைத் தொப்பை. நன்றாகச் சாப்பிட்டு வளர்கிற குழந்தை என்று நான் நினைத்தேன். பொருளின் உருவம் வேறு, எடை வேறு என்று ஒன்பது வருஷம் பாடம் நடத்தியவன் நினைத்தது அது.

அந்தச் சிற்றூரில் ஒரு வழக்கம் இருந்தது. தைக் கடைசி வெள்ளியன்று ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை எல்லாம் மேட்டு அம்மன் பாறைக்குக் கொண்டு வருவார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கி எடை சொல்ல வேண்டும். அந்த எடைக்குச் சாமை அம்மனுக்குப் போகும். எடை போன வருஷத்தைவிட ஏறியிருந்தால் சந்தோஷம். குறைந்திருந்தால் எடை சொல்கிறவர் "கீழ போவணும்" என்று சொல்வார். அந்தச் சொல் வந்துவிட்டால், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இழந்த எடை திரும்பி வரும்வரை மேலே வரக் கூடாது. அம்மன் கட்டளை என்பார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கிடைத்தது, கீழே காய்ச்சல் குறைவு என்பதெல்லாம் என் விளக்கம். ஆனால் தாய்மாருக்கு அந்தச் சொல் இடி விழுந்த மாதிரி. அறுப்பை விட்டுப் போக வேண்டும். பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊர் பேசும். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையின் வயிறு முட்டக் கஞ்சி ஊற்றுவார்கள். இருக்கிற காப்பையெல்லாம் கையிலும் காலிலும் மாட்டுவார்கள்.

எடை சொல்கிறவர் சென்றாயன். அவருக்கு முன்னால் அவர் அப்பன்.

"தராசுதான் இருக்கிறதே, நான் தருகிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"அம்மன் தராச ஒத்துக்காதுங்க. தூக்குனவன் வாயால சொல்லோணும்" என்றார்.

எனக்கு அது மூடத்தனமாகப் பட்டது. அப்போதே சொல்லியும் காட்டினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மேகம் ஒரு வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் அந்த வெள்ளிக்கு முந்தின நாள் வானம் துடைத்துவிட்டாற்போல ஆனது. இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சென்றாயன் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். மிருகசீரிடக் கூட்டத்துக்கு மேற்கே, கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு மஞ்சள் நட்சத்திரம். அதை வைத்துப் பக்கத்தில் தேடினேன். அரை மணி நேரம் கழுத்து ஒடிந்தது. பிறகு அது தெரிந்தது. மஞ்சள் நட்சத்திரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, ஊசி குத்தின மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. நான் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த வெண்குள்ளன்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சென்றாயனைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பெருசுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு பொடி தெரியுதுங்க."

"அதுதான்."

"இதுக்காங்க அம்புட்டு மூட்டையையும் தூக்கிட்டு வந்தோம்?"

"அந்தப் பொடியில் ஒரு தீப்பெட்டி அளவு அள்ளினால் உன்னால் தூக்க முடியாது. இந்த ஊர் ஆட்கள் அத்தனை பேர் சேர்ந்தாலும் முடியாது. ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், நூறு மணங்கு" என்றேன். அப்போது நாங்கள் படித்த கணக்கு அது. உண்மை அதைவிட இன்னும் கூட என்று இப்போது சொல்கிறார்கள்.

அவர் சிரிக்கவில்லை. எடை விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். "எப்படிங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். நட்சத்திரம் என்பது தன் எடையாலேயே உள்ளே விழப் பார்க்கிற ஒரு பெரிய வாயு உருண்டை. உள்ளே எரிகிற சூடு அதை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. எரிய வேண்டியது எரிந்து முடிந்துவிட்டால் தாங்க ஆளில்லை. எடை எல்லாம் நடுவை நோக்கி அமுங்குகிறது. அணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருந்த வெற்றிடமெல்லாம் போய்விடுகிறது. இந்தப் பொடி, சூரியனில் ஏறக்குறையப் பாதி எடை. உருவமோ நம் பூமியோடு ஒப்பிடுகிற அளவுதான். புதிதாக எரிக்க அதில் ஒன்றும் இல்லை. பழைய சூட்டில் ஒளிர்ந்து, மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு மனிதன் நின்றால் அவன் எடை பல்லாயிரம் மடங்காகி, நிற்க முடியாமல் தரையோடு தரையாகத் தேய்ந்துபோவான்.

"மூட்டையக் குலுக்கிக் குலுக்கிக் கட்டுற மாதிரிங்களா?"

"அப்படித்தான். ஒரு கட்டத்துக்கு மேல் குலுக்கினாலும் அமுங்காது. எலெக்ட்ரான் என்று ஒரு துகள். ஒன்று இருக்கிற நிலையில் இன்னொன்று வந்து உட்கார விடாது. அந்த எதிர்ப்புத்தான் இப்போது அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது."

"எம்புட்டு எடைய வெச்சாலும் தாங்குமாங்க?"

நான் திகைத்துப்போனேன். "தாங்காது, அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. பெரிய பெரிய ஆட்கள் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்" என்றேன்.

"சொமை தூக்கியிருந்தா ஒத்துக்குவாங்க" என்றார் சென்றாயன்.

பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம். "அதோட எடைய யாரு தூக்கிப் பாத்தாங்க?"

யாரும் தூக்கவில்லை என்றேன். தென்கிழக்கில் பளபளவென்று நின்ற சிரியஸைக் காட்டினேன். அதற்கும் இப்படி ஒரு வெள்ளைத் துணை உண்டு, இந்தக் குழாயில் தெரியாது. அது கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, பெரிய நட்சத்திரம் நேராகப் போகாமல் தள்ளாடிப் போவதைக் கவனித்து, பக்கத்தில் கனமான ஏதோ இழுக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது ஒரு வழி. இன்னொரு வழி ஒளி. அவ்வளவு கனமான இடத்திலிருந்து ஒளி கிளம்பி வெளியே வருவது செங்குத்தான மலை ஏறுகிற மாதிரி. ஒளியின் வேகம் குறையாது, தெம்பு குறையும். தெம்பு குறைந்த ஒளி துளி சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது ஏறி வந்த ஏற்றம் எவ்வளவு கடுமை என்று தெரிந்துவிடும். சிரியஸின் துணையை அமெரிக்காவில் அப்படித்தான் சோதித்தார்கள்.

"ஏறி வந்ததோட எளைப்ப வெச்சு" என்றார் அவர்.

"ஆமாம்."

"தொடாமயே."

"தொடாமலே."

அதற்குப் பிறகு அவர் தொலைநோக்கியைப் பார்க்கவில்லை. முற்றத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவர் மனைவி மாராயி அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழாதபடி தணிந்த குரலில் அவர் சொன்னதை எழுதுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தை வெள்ளியில் தன் மகள் அத்தாயியையே அவர் தூக்கி எடை சொல்ல வேண்டியிருந்தது. நாலு வயது. முந்தின வருஷம் எட்டு வீசை. கை ஏழேகால் என்றது. கண்ணோ தொப்பையையும் உப்பிய கன்னத்தையும் பார்த்து, பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்றது. சுற்றிலும் ஊர் நின்றது. அறுப்புக்குக் காடு நின்றது. எடை சொல்கிறவன் பிள்ளைக்கே எடை குறைந்தால் ஊர் என்ன பேசும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. 'எட்டே கால், ஏறியிருக்குது' என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டாம் நாள் அத்தாயி குளிர்காய்ச்சலில் போய்விட்டாள்.

"அன்னியோட கை செத்துப்போச்சுங்க. மூட்டைக்கு இருக்குது. புள்ளையத் தூக்குனா ஒண்ணும் தெரியறதில்ல. அம்மன் புடுங்கிக்கிச்சு. அஞ்சு வருசமா எல்லாப் புள்ளைக்கும் ஏறியிருக்குது, ஏறியிருக்குதுன்னு சொல்லீட்டு வாரேனுங்க."

"ஐந்து வருஷத்தில் குழந்தைகள்…" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

"ஏழு" என்றார். "காச்சல்லன்னு சொல்லிக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, அந்த வழக்கத்தின் மேலா, ராமாயியை இரண்டு வாரமாகத் தினம் பார்த்தும் அந்தத் தொப்பை காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல் என்று தெரியாத என் மேலா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. "உன் மனைவிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் தலையாட்டிய விதத்தில் தெரியாது என்று புரிந்தது.

மறுநாள் காலை அம்மன் பாறையில் சென்றாயனைக் காணோம். பாறைக்குப் போகும் வழியில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு, முப்பது நாற்பது கல்படி இருக்கும். அவர் அதன் தலைப்பில் நின்றுகொண்டிருந்தார். கீழேயிருந்து ஒவ்வொரு தாயாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். அவர் குழந்தைகளைப் பார்க்கவே இல்லை. தாய்மாரின் மூச்சைப் பார்த்தார். எங்கே நிற்கிறாள், எத்தனை தடவை இடுப்பு மாற்றுகிறாள், தலைப்புக்கு வந்ததும் எப்படி வாங்குகிறது. முந்தின வருஷங்களிலும் அதே படி, அதே பெண்கள். அவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

பொன்னாயி பேசிக்கொண்டே ஏறி வந்தாள். நடுவில் நிற்கவில்லை. இடுப்பு மாற்றவில்லை. மேலே வந்ததும் என்னைப் பார்த்து, "ஏனுங்க, கஞ்சி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். இடுப்பில் கனமே இல்லாத மாதிரி, மூச்சே வாங்கவில்லை. சென்றாயன் முகம் வெளுத்துப்போனது.

பாறையில் முறைப்படி ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கினார். ஏறியிருக்குது என்றார், ஆனால் அந்த முறை ஒவ்வொன்றுக்கும் எடையைக் கால் வீசை வரை துல்லியமாகச் சொன்னார். சிலர் அதைக் கவனித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராமாயியின் முறை வந்தது. தூக்கினார். அவள் காலில் மூன்று ஜதைக் காப்பு கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாறையில் வைத்தார். மறுபடி தூக்கினார்.

"எட்டு வீசை" என்றார். "போன வருசம் எட்டே முக்கால் இருந்திருக்கோணும். கீழ போவணும்."

பொன்னாயி குழந்தையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க இப்படி? அஞ்சு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாத சொல்ல எனக்கு ஏஞ் சொல்றீங்க? நா உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? பாருங்க, எம்புள்ள எப்படி இருக்குதுன்னு எல்லாரும் பாருங்க!"

குழந்தையின் தொப்பையை ஊருக்குக் காட்டினாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஊர்க்கவுண்டர் சாமியப்பன் முன்னால் வந்து, "சென்றாயா, இன்னொருக்காத் தூக்கிப் பாரு. கை தப்பியிருக்கும்" என்றார். அவர் கொடுத்தது தப்பித்துக்கொள்ள ஒரு வழி. சென்றாயன் தலையை ஆட்டியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும்.

"இன்னிக்கு தப்பலீங்க" என்றார் சென்றாயன். "அஞ்சு வருசமாத்தான் தப்பு. பொன்னாயி கேக்கறது ஞாயம். நா எல்லாருக்கும் பொய் சொன்னேன். புள்ளைங்க எடை தெரியாமயே ஏறியிருக்குதுன்னு சொன்னேன். மொதப் பொய்ய எம் மகளுக்குத்தான் சொன்னேன். அவளுக்கு எடை கொறஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும்."

கூட்டத்தின் ஓரத்தில் சாமைக் கூடையோடு மாராயி நின்றுகொண்டிருந்தாள். மகள் போன பிறகு அவள் அந்தப் பாறைக்கு வந்ததே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்குப் பொன்னாயிக்குத் துணையாக அவள் கூடையைச் சுமந்து வந்திருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அத்தாயி எத்தன வீசை இருந்தா?"

அவர் பாறையில் கிடந்த காப்புகளையே பார்த்தார்.

"எம் புள்ள எத்தன வீசை இருந்தான்னு கேக்கறேன்."

"ஏழேகால்" என்றார்.

மாராயி அழவில்லை. அடிக்கவும் இல்லை. அந்த எண்ணைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பிறகு பொன்னாயியிடம் போய், "கண்ணு, கெளம்பு. பொழுது சாயறதுக்குள்ள போயாவணும்" என்றாள்.

அன்று ராமாயியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் சென்றாயன்தான். பொன்னாயியும் நானும் பின்னால் போனோம். வழியில் சுமையை இறக்கி வைக்க மூன்று இடத்தில் சுமைதாங்கிக் கல் உண்டு. ஒன்றிலும் அவர் நிற்கவில்லை. குழந்தை பாதி வழியில் நடுங்க ஆரம்பித்தாள். அவர் தன் கம்பளியை அவள் மேல் சுற்றிவிட்டுக் கிட்டத்தட்ட ஓடினார். நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குழந்தையைத் தராசில் வைத்தார். இருபத்தைந்து பவுண்டு. மனதுக்குள் வீசையாக்கிப் பார்த்தேன். எட்டு. சென்றாயனிடம் சொன்னேன். அவர் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நாள் கொய்னா கொடுத்தார்கள். பங்குனியில் ராமாயி ஒன்பது வீசையோடு மலை ஏறினாள் என்று பிறகு தெரிந்தது.

கல்லூரிக்குத் திரும்பியதும் வகுப்பில் அந்த மாணவனைப் பார்த்து, "பார்த்துவிட்டேன்" என்றேன். அவன் எதை என்று கேட்டான். மறந்துபோயிருந்தான்.

அதன் பிறகு சென்றாயனை நான் பார்க்கவில்லை. வேலை, கல்யாணம், யுத்தம் என்று வருஷங்கள் ஓடின. சாக்குச் சொல்கிறேன், போகவில்லை, அவ்வளவுதான். போன தையில், கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் கழித்து, மலைக்குப் போனேன். சென்றாயன் நாற்பத்து மூன்றாம் வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று செல்லமுத்து சொன்னார். பாறையில் அந்த நாளுக்குப் பிறகு ஒரு வருஷம் மாராயி அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். சோறு போடுவாள், பேசமாட்டாள். எடை சொல்லும் வேலையை ஊர் அவரிடமிருந்து பிடுங்கிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாராயிதான் ஊர்க்கவுண்டரிடம் போய், "அவுரே சொல்லட்டுமுங்க. நா பக்கத்துல நிக்கறேன்" என்றாளாம். அடுத்த தையிலிருந்து அவர் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி எடை சொல்ல, அவள் பக்கத்தில் நின்று அதே எடையை ஊருக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னாள். ஆறு வருஷம் அப்படி நடந்தது. பதினொரு குழந்தைகள் கீழே போனார்கள். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள்.

இப்போது தூக்குகிறவள் மாராயி. நான் போனது அந்த வெள்ளியன்றுதான். ஓரமாக நின்று பார்த்தேன். கூட்டத்தில் பொன்னாயி இருந்தாள். பக்கத்தில் ராமாயி, பதின்மூன்று வயது, உயரமாக. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சின்னப் பெண் தன் மகனைக் கொண்டுவந்து கொடுத்தாள். இருபது வயதுகூட இருக்காது. மாராயி குழந்தையை இரண்டு கையாலும் வாங்கினாள், ஒரு மூச்சு விட்டாள். "ஆறரை. போன வருசம் ஏழு. கீழ போவணும்" என்றாள்.

அந்தப் பெண் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏழுன்னு சொல்லுங்க ஆயா. அறுப்பு நிக்குது. ஊட்டுல அடிப்பாங்க. ஏழுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மாராயி குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். குழந்தையை அவள் இடுப்பில் வைத்தாள்.

"எங்கிட்ட ஏழேகால்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே எம் புள்ளயத் தூக்கிட்டு எறங்கியிருப்பேன் கண்ணு" என்றாள். "எனக்கு யாரும் சொல்லல. உனக்கு நாஞ் சொல்றேன். போ."

அந்தப் பெண் படியில் இறங்கிப் போவதைக் கடைசி வரை பார்த்துவிட்டு, அடுத்த குழந்தைக்குக் கையை நீட்டினாள்.